பெல்ட் போட்டிருந்த சபூறா

கல்முனைக்குடியில் கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளை பிந்தினாலும் பரவாயில்லை, சபூறா பிந்தக் கூடாது. தொதல் இனிப்புக் கிண்ட அவளை விட்டால் ஆளில்லை. இறுகிக்கொண்டு வரும் தொதலை அகப்பை நிற்காமல் கிண்டக் கையில் வலு வேண்டும். சுற்றி நிற்கும் பெண்களை அலுக்காமல் வைத்திருக்க வாயில் வலு வேண்டும். ஆண்டவன் இரண்டையும் அவளுக்கு அள்ளிக் கொடுத்திருந்தான். வாய் ஒருநாள் கைக்குக் குழி பறிக்கும் என்று யார் கண்டார்கள்?

மச்சி நதீராவோடு மக்காவில் உம்ரா முடித்துத் திரும்பும்போது, கடலுக்கு மேலே விமானம் திடீரென்று குலுங்கித் தூக்கிப் போட்டது. சாப்பாட்டு வண்டி எகிறி வந்து சபூறாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. கையில் கட்டோடுதான் ஊர் வந்து சேர்ந்தாள்.

உம்ராவுக்குப் போய் வந்தவர் வீட்டுக்கு ஊர் திரண்டு வருவது வழக்கம். ஒரு மிடறு ஸம்ஸம் தண்ணீர், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கதை. முதல் நாள் சபூறா உள்ளதைத்தான் சொன்னாள்: பெல்ட் போட்டபடி நித்திரை, குலுக்கம், வண்டி, கை. வந்தவர்கள் "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று சொல்லி எழும்பிப் போனார்கள். ஒருத்தியாவது வாயைப் பிளக்க வேண்டாமா? சபூறாவுக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன.

"பிளேன் கவுழப் போகுதுகா! எல்லாரும் கத்துறாங்க. என்ட ஸம்ஸம் கேன் உருண்டு போகுது. பெல்ட்டக் கழட்டி எறிஞ்சன். எழும்பிப் பாஞ்சி கேனக் கட்டிப் புடிச்சன். அந்த நேரம்தான் வண்டி வந்து இடிச்சிச்சி. கை போனாப் போகட்டும், ஒரு சொட்டுச் சிந்தல்ல!"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்து வீட்டு றஸ்னா அதை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டாள். சவூதியில் வேலை செய்யும் ஊர்ப் பொடியன்கள் வரை அதைப் பார்த்தார்கள். சபூறாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கட்டு அவிழ்த்த அன்றைக்குத்தான் தலை இறங்கியது. எலும்பு சரியாகப் பொருந்தவில்லை, கொழும்பில் ஒப்பரேசன் செய்து தகடு வைக்காவிட்டால் அகப்பை பிடிக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சபூறா பயந்துபோனாள். அன்றைக்கு வீடு வரும்வரை அவள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நதீராவுக்கு அதுதான் கையை விடப் பெரிய கவலை. பாண்டிருப்பிலிருந்து வரும் லோயர் சுஜித்தாவிடம் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"காத்து குலுக்கினதுக்கு ஆருல வழக்குப் போடுறது, தங்கச்சி?" என்றாள் சபூறா.

"காத்துல இல்லக்கா, பிளேன் கம்பனியில. ஏறினதுல இருந்து இறங்குற மட்டும் விபத்து நடந்து உடம்புல காயம் வந்தா அவங்கதான் பொறுப்பு. ஆனா உங்கட பிழையும் இருக்கெண்டு அவங்க காட்டினா, அந்தளவுக்கு நட்டஈட்டக் குறைச்சிப் போடுவாங்க. பெல்ட் போட்டிருந்தீங்கதானே?"

"வல்லாஹி, போட்டிருந்தன்! நித்திரையிலதான் இருந்தன்."

"குறட்டையும் விட்ட," என்று சாட்சி சொன்னாள் நதீரா.

"அப்ப பயமில்ல. சட்டத்துல குறட்டைக்குத்தான் மரியாதை," என்று சுஜித்தா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடுத்த கிழமை அடங்கியது. கம்பனியின் ஆள் கொழும்பிலிருந்து சுஜித்தாவுக்குப் போன் எடுத்து, மிகவும் மரியாதையாக ஒரு வீடியோவையும் அனுப்பிவைத்தார். "பெல்ட்டக் கழட்டி எறிஞ்சன்" என்று அதில் சபூறாவின் குரல் கணீரென்று கேட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

"இப்ப என்ன செய்யிற?" விஷயம் கேட்டு ஓடி வந்த சபூறா சுஜித்தாவிடம் கேட்டாள்.

"எந்த இடத்துல பொய்யச் சொன்னீங்களோ, அங்கயே உண்மையச் சொல்லுங்க. மச்சியும் சாட்சி சொல்லட்டும்."

ஊருக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்பதா? இரண்டு நாள் சபூறாவுக்குச் சோறு இறங்கவில்லை. வலது கையைப் பார்த்தாள். அது ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க மாட்டேன் என்றது. மூன்றாம் நாள் அதே பெண்களைக் கூப்பிட்டாள். றஸ்னாவிடம், "எடுகா வீடியோவ," என்றாள்.

"நான் எழும்பவுமில்ல, பாயவுமில்ல. பெல்ட்டப் போட்டுட்டு வாயத் துறந்து நித்திரை கொண்டன். ஸம்ஸம் கேன் பிளேனுக்குக் கீழ, பெட்டிகளோட வந்திச்சி. அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும்!"

வெட்கத்தில் அவள் கண் கலங்கியது. ஒருவரும் திகைக்கவில்லை. இரண்டு முறை ஹஜ் செய்த சல்மா உம்மா பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு, "கேன் கீழதான் வாறதெண்டு எங்களுக்குத் தெரியாதாகா? நல்லாச் சொல்றாயெண்டுதான் கேட்டுக்கிட்டு இருந்த," என்றார். சபூறாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்த வீடியோவை ஊரில் யாரும் சீந்தவில்லை. பார்க்க வேண்டிய கம்பனி பார்த்தது. நதீரா சொன்னதும் விமானப் பணிப்பெண்கள் எழுதி வைத்திருந்ததும் ஒத்துப்போக, ஒப்பரேசன் செலவைக் கம்பனியே ஏற்றது.

றஸ்னாவின் மகளின் கல்யாணத்துக்குச் சபூறா மறுபடி அகப்பை பிடித்தாள். முதல் சுற்றில் கை நடுங்கியது, பிறகு பழகிக்கொண்டது. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அந்தப் பிளேன் கதையச் சொல்லுகா!"

"எதுகா? பெல்ட் போட்டதா, கழட்டினதா?"

"கழட்டினத!"

சபூறா கிண்டுவதை நிறுத்தாமல் திரும்பி, விருந்துக்கு வந்திருந்த சுஜித்தாவைத் தேடினாள்.

"தங்கச்சி, அந்த வழக்கு முழுசா முடிஞ்சிதானே?"

"முடிஞ்சுதக்கா."

"அப்ப றஸ்னா, அந்தப் போன அங்கால வை," என்றாள் சபூறா. "பிளேன் கவுழப் போகுதுகா..."