இரண்டு ஹார்ன்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி அந்த வட்டாரத்தில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற அத்தனை பேருக்கும் அவன் 'மேப்பு'. போனில் இருக்கிற வரைபடம் வண்டியைச் சாக்கடைக்குள் விடச் சொல்லும். மேப்பு சொன்னால் நேராகக் கதவு முன்னால் போய் நிற்கலாம். எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிற்கும், எது கடிக்கும், எந்த மாடிக்கு மருந்துக்கடையின் பின்பக்கப் படியில் ஏற வேண்டும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"ஊர்ல உள்ள எல்லார் வீடும் தெரியும். நம்ம வீட்டுக்கு மட்டும்தான் வழி தெரியாது, இல்ல?" என்று அவன் மனைவி குத்திக்காட்டுவாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான். அந்தப் பட்டப்பெயரில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. படிப்பு வரவில்லை, சொத்து இல்லை, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற முகவெட்டும் இல்லை. ஆண்டவன் கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

அந்தப் பெருமைதான் ஒரு நாள் இன்னொருத்தி வீட்டுக் கதவைத் திறந்துவிடப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்!

சலவைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு தையல்காரி குடியிருந்தாள். கூடவே ஒரு சின்னப் பெண் குழந்தை. மேப்பு அவளுக்கு முதன்முதலாக நூல்கண்டுப் பெட்டி கொண்டுபோனபோது, வழக்கம்போல் கீழே நின்று பார்சலில் இருந்த பெயரைத் தெருவே கேட்கும்படி கூவினான். அவள் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. யார் காதுலயும் விழக்கூடாது."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் புருவத்தின் மேல் இருந்த பழைய தழும்பு, கேட்க வேண்டிய அவசியமில்லாமல் செய்துவிட்டது.

"சரிம்மா. இனிமே ரெண்டு தடவை ஹார்ன் அடிக்கிறேன். அடிச்சா நான்தான்னு புரிஞ்சுக்கோங்க."

அன்றிலிருந்து அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. வேறு யார் கதவைத் தட்டினாலும் அந்த வீடு மூச்சுக் காட்டாது. ஆனால் கீழே இரண்டு ஹார்ன் கேட்டால் போதும், தாழ்ப்பாள் விலகும், குழந்தை "பீப்பீ மாமா!" என்று கத்திக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிவரும். குழந்தைக்கு இழுப்பு உண்டு. ஓடிவந்த வேகத்தில் கொஞ்ச நேரம் நெஞ்சு ஏறி இறங்கும். "மெதுவாடி கண்ணு, மாமா எங்க போயிடப் போறேன்?" என்று அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பார்சலைக் கொடுப்பான். பிள்ளையில்லாத அவனுக்கு அந்த ஒரு நிமிஷம் அன்றைய நாளுக்கே போதும்.

பார்சலைக் கொடுத்ததும் கதவோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதோடு வேலை முடிந்தது. வாடிக்கையாளரின் நம்பரைக் கம்பெனி ஆப் உடனே மறைத்துவிடும்; டெலிவரிக்காரன் நினைத்தாலும் மறுபடி கூப்பிட முடியாது. மேப்புக்கு அது பிடிக்காது. "நாம என்ன திருடனா?" என்பான். அதனால் தன் சொந்த போனிலும் கதவுகளைப் படம் பிடித்து வைத்துக்கொள்வான். பச்சைக் கம்பிக் கதவு, உடைந்த பூந்தொட்டி, வாசலில் கிடக்கும் குழந்தைச் செருப்பு. அவன் போன் முழுக்க அடுத்தவர் வாசல்கள்.

அந்தப் படங்கள் வீணாகவும் போகவில்லை. எல்லாக் கம்பெனிப் பையன்களும் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். வீடு தெரியாமல் தவிப்பவன் அதில் கேட்பான், தெரிந்தவன் சொல்வான். பெரும்பாலும் சொல்பவன் மேப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் திண்டாடக் கூடாது என்று, குரூப்பில் சேர்வதற்கான க்யூஆர் கோடை அவனே பிரிண்ட் எடுத்து, டீக்கடைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தான். யார் வேண்டுமானாலும் போனைக் காட்டலாம், உள்ளே வரலாம்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு அலுவலக வாசலில் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. புது நம்பர்.

'அண்ணே, லேபிள் மழையில கரைஞ்சுபோச்சு. அம்மாவும் ஒரு சின்னப் பொண்ணும் மட்டும் இருக்கிற வீடு. இந்த ஏரியாவுக்குப் புதுசா வந்தவங்க. குழந்தைக்கு இழுப்பு மருந்து, அவசரம். போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. யாருக்காவது தெரியுமா?'

மருந்து! குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது மேப்பின் கண்முன் வந்து நின்றது. ஈரவிரலால் அவசர அவசரமாகத் தையல்காரி வீட்டுப் பச்சைக் கதவின் படத்தைத் தேடி எடுத்தான். படத்தையும் லொகேஷனையும் அனுப்பினான். அதோடு நிறுத்தியிருந்தாலாவது அந்தக் கதவு மூடியே இருந்திருக்கும். விதி விடவில்லை. கீழே ஒரு வரியும் சேர்த்தான்.

'தட்டினா திறக்க மாட்டாங்க தம்பி. கீழ நின்னு ரெண்டு தடவை ஹார்ன் அடி. குழந்தையே ஓடி வந்துடும்.'

'நீங்க தெய்வம்ணே' என்று பதில் வந்தது. மேப்பு மீசையைத் தடவிக்கொண்டான்.

டீக்கடையில் மொட்டையைப் பார்த்தான். மொட்டை வேறொரு கம்பெனிக்காரன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட்டாளி.

"என்னடா, குரூப்புல ஒரே தெய்வ கடாட்சமா இருக்கு? உண்டியல் வைக்கலாமா?" என்றான் மொட்டை.

"வயித்தெரிச்சல்டா உனக்கு. ஒரு குழந்தைக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்கு, தெரியுமா?"

"அது சரி, அந்தப் பையன் யாரு?"

"யாரோ புதுசு."

மொட்டை செய்தியை மறுபடி படித்தான். டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"டேய் மேப்பு, லேபிள்ல பேரு இருக்கும், தெரு இருக்கும், நம்பர் இருக்கும். வீட்ல ஒரு அம்மாவும் பொண்ணும் மட்டும்தான்னு எந்த லேபிள்ல போடுவான்? லேபிள் கரைஞ்சுபோச்சுன்னா எந்த நம்பருக்குடா இவன் போன் அடிச்சான்?"

மேப்புக்குத் தையல்காரியின் புருவத்துத் தழும்பு நினைவுக்கு வந்தது. குழந்தைக்கு இழுப்பு இருப்பது யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். பெற்ற அப்பனுக்கும் தெரியும்.

குரூப்பைத் திறந்தான். அந்த நம்பர் வெளியேறியிருந்தது.

அவளைக் கூப்பிட்டு எச்சரிக்கலாம் என்றால் நம்பர் இல்லை. கம்பெனி மறைத்த நம்பர்! ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு அவளுடைய வாசலையே தூக்கிக் கொடுத்தவனிடம், "கதவைத் திறக்காதே" என்று சொல்ல ஒரு நம்பர் இல்லை. வண்டியை எடுத்தான். பார்சல் மூட்டை டீக்கடையிலேயே கிடந்தது.

சலவைக்கடை வாசலில் கூட்டம். யாரோ ஒருவனைத் தரையில் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முதுகில் பெரிய பையை மாட்டியிருந்தான். பார்த்தால் அசல் டெலிவரிக்காரன்.

மேப்பு படியேறினான். குழந்தையின் செருப்பு ஒன்று கீழ்ப்படியில் கிடந்தது, இன்னொன்று நடுப்படியில். மேலே தையல் மெஷின் கவிழ்ந்து கிடந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தைக்கிற வலது கை, மணிக்கட்டுக்கு மேலே, இருக்கக்கூடாத விதமாக வளைந்திருந்தது. இடது கையால் குழந்தையை மடியோடு அணைத்து அதன் வாயில் மருந்துக் குழாயை வைத்திருந்தாள். அவன் காலடிச் சத்தம் கேட்டதும் குழந்தை அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஹார்ன் சத்தம் கேட்டுச்சுண்ணா," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "நீங்கன்னு நினைச்சு பாப்பா ஓடிப்போய்த் திறந்துட்டா. அவனுக்கு எப்படிண்ணா தெரிஞ்சது?"

அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்காமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் அவன் போனை வாங்கிப் பார்த்த பெண் அதிகாரி கேட்டார்: "அவன் எங்கெங்கயோ தேடி அலைஞ்சிருக்கான். டீக்கடைச் சுவத்துல உங்க க்யூஆர் கோடைப் பார்த்திருக்கான், உள்ள வந்திருக்கான், கேட்டிருக்கான். எதையும் உடைக்கல, திருடல. நீங்களாத்தான் கொடுத்திருக்கீங்க, இல்லையா?"

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"பேரைச் சொல்ல வேணாம்னு கேட்டுச்சுங்க." அவர் கையில் இருந்த போனைப் பார்த்தான். "பேரைச் சொல்லலைங்க. மத்த எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் கதவுப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் குத்திக்காட்டவில்லை. "அழிச்சா மட்டும் அந்தப் பொண்ணு கை சேர்ந்துடுமாடி?" என்று கேட்டுவிட்டுக் குமுறிக் குமுறி அழுதான். மறுநாள் டீக்கடைச் சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடைக் கிழிக்கப் போனால் அது பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டி எடுத்தான்.

குழந்தையின் அப்பன் ஜாமீனில் வெளியே வருவதற்குள் தையல்காரி வீட்டைக் காலி செய்துவிட்டாள். எங்கே போனாள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது. கை முழுதாகச் சரியாகவில்லை, இனி ஊசி பிடிக்க முடியாது என்று சலவைக்கடைக்காரர் சொன்னார். மெஷினை மட்டும் எடுத்துப் போகவில்லையாம்.

மழைக்காலம் முடிந்த பிறகு அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. எப்போதோ சொல்லிவைத்திருந்த பொத்தான் பெட்டியாக இருக்கும், அசைத்தால் கலகலவென்றது. மேப்பு சலவைக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். பழக்கம் விடுமா? கட்டைவிரல் தானாக ஹார்ன் பக்கம் போனது. நெருப்பைத் தொட்டவன்போல் இழுத்துக்கொண்டான். மேலே பச்சைக் கதவில் வேறு யாருடைய பூட்டோ தொங்கியது.

கிடங்குக்குத் திரும்பி, பார்சலை மேலாளரின் மேஜையில் வைத்தான்.

"இடம் மாறிட்டாங்களா? புது அட்ரஸ் சொல்லுய்யா, அங்கயே அனுப்பிடலாம். உனக்குத் தெரியாத வீடா?"

"தெரியாதுங்க."

"என்னய்யா, மேப்புக்கே தெரியாதா!" என்று மேலாளர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றான் மறுபடி. "எனக்குத் தெரியவே கூடாதுங்க."

பொத்தான் பெட்டியைத் திருப்பி அனுப்பும் கூடையில் மெதுவாக, சத்தம் வராமல், இறக்கி வைத்தான்.