பத்து வரை எண்ணிய குரல்

நம்ப முடியாது என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன். ஆனால் திரும்ப வந்து உட்கார்ந்தாலும் நடந்தது நடந்ததுதான். இரண்டு காதாலும் கேட்டேன், இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கண்ணாடிக்குப் புது நம்பர் போட்டு ஒரு மாதம்கூட ஆகாத கண், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று கண்ணுங்களா. இதைச் சொல்லும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வரும். குரல் உயர்ந்தால் அது உங்கள் மேல் இல்லை.

என் தங்கை போன பிறகு அவள் மகள்தான் எனக்கென்று இருக்கிற ஒரே உயிர். குட்டி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஒரு டைல்ஸ் கிடங்கில் மேனேஜர். வாட்டசாட்டமான ஆள். வாயைத் திறந்தால் அவ்வளவு நயம். கல்யாணத்தன்று தங்கமான பையன் என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும்தான் சொன்னேன், என் வாயில் அடிக்க.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து குட்டி கூப்பிட்டாள்.

“பெரியம்மா, ஒரு வாரம் வந்து என்கூட இருக்கியா?”

“ஏண்டி? என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா வா.”

ஒன்றுமில்லை என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னால் பெரியதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள் நான், ஐம்பது வருடமாக. பாதி தைத்த பாவாடையை மெஷினில் அப்படியே விட்டுவிட்டு, ஊசி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது மாடி வீடு. கூடத்துச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தட்டு. அதன் மேல் வைஃபை பெட்டி, நாலு பச்சை விளக்கு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பது குட்டியின் வேலை. வைஃபை இல்லையென்றால் வேலை இல்லை.

அதில்தான் மாப்பிள்ளை கைவைத்தான்.

சட்டை இஸ்திரி சரியில்லை, எதிர்த்துப் பேசினாள், போனில் யாரோடு சிரித்தாள்... காரணமா இல்லை? காலையில் காபி குடித்துக்கொண்டே போனில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். சாயங்காலம் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் புதுப் பாஸ்வேர்ட். அவள் போனுக்கு நெட் பேக்கும் போடுவதில்லை; அவள் சம்பளம் அவன் கணக்குக்குப் போகிறது, என்னிடம் இருப்பதோ பழைய பட்டன் போன். பெண்ணை அடிக்கவில்லை, திட்டவில்லை, கதவைக்கூடப் பூட்டவில்லை. ஆனால் அந்த வீட்டில் குட்டி கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“மன்னிப்புக் கேட்டியாடி?” என்றேன்.

“இருபது தடவை கேட்டிருப்பேன் பெரியம்மா. இப்ப வாயே தானா சொல்லுது.”



வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு ஒரு பரீட்சை இருந்தது. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, நிரந்தர வேலை, தங்க இடமும் தருவார்கள். வீட்டில் தனியாக, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதவேண்டும் என்பது விதி. எழுதினால் அவள் இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம். அது அவளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை சட்னியில் காரம் என்று ஒரு சண்டை. பாஸ்வேர்ட் மாறியது. அவன் போய்விட்டான்.

மத்தியானம் கூடத்தில் ஓரமாகப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. அப்போதுதான் கேட்டது. யாரோ எண்ணுகிறார்கள். கம்மிய குரல். மூச்சு வாங்க வாங்க... மெதுவாக...

“அஞ்சு... ஆறு... ஏழு...”

உள்ளே குட்டி எதையோ எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பத்து வந்தது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். தட்டின் மேல் நாலு விளக்கும் ஒன்றாக அணைந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக எரிந்தன.

உள்ளேயிருந்து குட்டி ஓடிவந்தாள். “பெரியம்மா! நெட் வந்துடுச்சு!”

“நீதானேடி எண்ணினே?”

“எதை?”

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து பார்த்தான். மறுபடி மாற்றினான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி அதே மாதிரி. குட்டி குளித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் யாருமில்லை. ஆனால் எண்ணுகிற சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தட்டுக்குக் கீழே தரையில், ஈரக் காலால் நின்ற மாதிரி இரண்டு தடம். கட்டை விரல் வளைந்த கால். என் காலும் இல்லை, குட்டி காலும் இல்லை. நான் பார்க்கப் பார்க்க அது காய்ந்தது.

அன்றைக்கு அவன் வந்ததும் நேராக என் முன்னால் நின்றான்.

“பெரியம்மா, நீங்க செய்றது நல்லா இல்ல.”

“நான் என்ன செஞ்சேன்?”

“பொட்டிக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுல ஊசிய விட்டுப் பத்து எண்ணுற வரைக்கும் அழுத்தினா, வாங்கினப்ப இருந்த பழைய பாஸ்வேர்டுக்கே போயிடும். அதான் இவ கம்ப்யூட்டர் தானா சேர்ந்துக்குது. தையல்காரிக்கு ஊசிக்கா பஞ்சம்?”

என் பையைக் கொட்டினான். ஊசி டப்பாவை எடுத்தான். மெஷின் ஊசி, கை ஊசி, குண்டூசி, ஒன்றுவிடாமல் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கண்ணுங்களா, அந்த ஊசியில்தான் என் தங்கையைப் படிக்கவைத்தேன். அந்த ஊசியில்தான் இந்தப் பெண்ணையும் வளர்த்தேன்.

“மாப்ள, ஒரு ஊசியக் கண்டே இந்தப் பயம் பயப்படறீங்களே. நாளைக்கு அவ எழுந்து நின்னா என்ன பண்ணுவீங்க?”

“வயசுக்கு மரியாதை குடுத்து சும்மா இருக்கேன்.”

“அப்ப நான் வயசைக் கழட்டி வச்சுட்டே பேசட்டுமா?”

அவன் சிரித்தான். பெட்டியைத் தூக்கிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தான். பின்பக்கத் துளை வழியாக வயரை விட்டு, அலமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழையபடி பாஸ்வேர்டும் மாற்றினான்.

அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அவனுடைய அம்மா. கல்யாணத்துக்கு எட்டு மாதம் முன்பு இதே வீட்டில் காலமானார்கள். தூக்கத்தில் நெஞ்சுவலி என்று எங்களிடம் சொல்லியிருந்தான். குட்டி மாமியாரைப் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நாலு விளக்கும் கண்ணாடிக்குள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. குட்டி ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள்.

“போகட்டும் பெரியம்மா. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்.”

“அடுத்த வருசமா? செருப்பாலடிப்பேன்.”

வியாழக்கிழமை அவன் லீவு போட்டான். நம்புவீர்களா? ஒரு பெண் பரீட்சை எழுதாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆண்பிள்ளை லீவு போட்டான். அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். வெளியே மழை கட்டியிருந்தது. ஐந்தரைக்கே கூடம் இருட்டிவிட்டது.

குட்டி உள் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். “பாஸ்வேர்டைச் சொல்லுங்க மாப்ள.”

“மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“அது அவளுக்கே தெரியும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஐந்து ஐம்பது.

“ஒண்ணு...”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

“ரெண்டு... மூணு...”

குரல் அலமாரிக்குள்ளிருந்து வந்தது. பூட்டிய அலமாரி. கண்ணாடியில் உள்பக்கமாக மூச்சுப் பட்டுப் பனி படர்ந்தது... மறைந்தது... மறுபடி படர்ந்தது.

அவன் என் வாயைப் பார்த்தான். என் உதடு மூடியிருந்தது.

“நாலு... அஞ்சு...”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அது யார் குரல் என்று எனக்குத் தெரியாது. அவன் அடையாளம் கண்டுகொண்டான். பார்த்தாலே தெரிந்தது.

“எட்டு... ஒம்பது...”

பாய்ந்தான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து இளித்தான்.

“பத்து.”

டிக்.

ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பிளக் அவன் கையில் இருக்கிறது. இரண்டாவது விளக்கு... மூன்றாவது... நாலாவது...

“பெரியம்மா! வந்துடுச்சு!” குட்டி கத்தினாள்.

அவன் உள் அறைக்கு ஓடினான். அறைக் கதவு அவன் முகத்தில் மோதி மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம். தான் நாற்காலியைவிட்டு அசையவே இல்லை என்று குட்டி பிறகு சொன்னாள்.

“திறடீ!” கதவை உதைக்கக் காலைத் தூக்கினான்.

அவன் முதுகுக்குப் பின்னால்... மிகவும் பக்கத்தில்...

“டேய்.”

ஒரே சொல்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் சொல்லில் இருந்த கோபம் என் கோபத்தைவிடப் பெரியது.

அவன் தரையில் உட்கார்ந்தான்.

“அம்மா...” என்றான்.

வயரோடு பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்து மூலையைப் பார்த்தபடி, திட்டு வாங்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். உள்ளே டைப் அடிக்கும் சத்தம். வெளியே மழை. மூலையில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழரைக்கு டைப் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் தானாக விலகியது. விளக்கு நாலும் அணைந்தன.

குட்டி வெளியே வந்தாள். “முடிச்சுட்டேன்.” அவனைப் பார்த்தாள். “இவருக்கு என்ன?”

“கேக்காத. பையை எடு.”

செருப்புக்கூட மாட்டாமல் மூன்று மாடி இறங்கினோம். அவன் கூப்பிடவில்லை. பின்னால் வரவும் இல்லை.

குட்டிக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறாள், தனி அறையில், அவளே வைத்த பாஸ்வேர்டோடு. கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் மனப்பிரமை என்று விட்டிருப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்து, குட்டி அவனை விட்டுப் போனதைக் கேள்விப்பட்டு, அவனுடைய அக்கா எனக்குப் போன் செய்தாள். தூரதேசத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. நடந்ததைச் சொன்னேன். அழுதாள்.

“அம்மாவையும் அவன் இப்படித்தான் பண்ணான் பெரியம்மா. என்கிட்ட அவனைப் பத்தி சொல்றாங்கன்னு பாஸ்வேர்டை மாத்திருவான். பின்னால ஓட்டை இருக்கும்மா, ஊசிய விட்டுப் பத்து எண்ணுன்னு நான்தான் அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தேன். கடைசி நாளும் ஸ்டூல் மேல ஏறி... எட்டல போல. விழுந்துட்டாங்க. அவன் நைட்டு வந்துதான் பார்த்தான். ஊர்ல தூக்கத்துல போயிட்டாங்கன்னு சொல்லிட்டான்.”

“ஐயோ... விழுந்து எவ்வளவு நேரம் கிடந்தாங்களோ.”

“விழுந்ததுமே போயிட்டாங்க. காலைல பதினோரு மணிக்குள்ளன்னு டாக்டர் சொன்னார்.” மூச்சை இழுத்தாள். “பெரியம்மா, நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு சாயங்காலம் அம்மா நம்பர்லேர்ந்து எனக்கு வீடியோ கால் வந்துச்சு.”



“அம்மா தரையில கிடந்தாங்க. கண்ணு திறந்தபடி. படம் மேலேயிருந்து தெரிஞ்சுது, யாரோ நின்னுக்கிட்டுப் போனைப் பிடிச்சுக் காட்டற மாதிரி. அம்மா, அம்மான்னு கத்தினேன். அப்ப படத்துக்குள்ள ஒரு கை வந்துச்சு. மெதுவா அம்மாவோட கண்ணை மூடி விட்டுச்சு...”

“யார் கை?”

“சின்ன வயசுல அடுப்புல சுட்டு, அம்மாவுக்கு வலது கை சுண்டு விரல் பாதிதான் இருக்கும் பெரியம்மா. கீழே கிடந்த அம்மாவோட ரெண்டு கையும் மடங்கி நெஞ்சு மேல இருந்துச்சு. கண்ணை மூடின கையிலயும் சுண்டு விரல் பாதிதான் இருந்துச்சு.”