ஆட்டுக்கு வாங்கிய போன்

அம்மாவின் பாட்டுப்பெட்டி பாதிப் பாட்டில் நின்றுபோன சாயங்காலம்தான், இனி இவளுக்குப் பெட்டி வேண்டாம், ஸ்மார்ட்போன் வாங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய மறுநிமிடமே சொல்லியும் விட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்தால் அது ஐந்து நிமிடம்கூட வாய்க்குள் தங்காது.

அந்தப் பெட்டி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சிவப்புப் பிளாஸ்டிக். மெமரி கார்டைச் செருகினால் பாடும். திருவிழாக் கடையில் வாங்கியதற்கு ஒரு கயிறு கட்டி அம்மா தோளில் மாட்டிக்கொள்வாள். குஜிலியம்பாறைப் பக்கத்தில் எங்கள் காட்டில் மழை பெய்தால் சோளம் உண்டு. பெய்யாவிட்டால் ஆடு மட்டும்தான். இருபத்திரண்டு வெள்ளாடுகள். அப்பா லாரியில் ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். நான் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன். வார நாளெல்லாம் அம்மாவுக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டிதான்.

பகலில் எந்தப் பாட்டு ஓடினாலும் ஆடுகள் கண்டுகொள்ளாது. ஐந்து மணிக்கு அம்மா ஓர் அம்மன் பாட்டைப் போடுவாள். உடுக்கைச் சத்தத்தோடு தொடங்கும் பாட்டு. அதைக் கேட்டதும் வேலிக்கருவை முள்ளுக்குள் மேய்கிற ஆடெல்லாம் தலையைத் தூக்கும். கறுப்பு ஆடு ஒன்று எப்போதும் முன்னால் நடக்கும். அது பாட்டு வரும் திசைக்குத் திரும்பினால் மற்றவை பின்னால் வந்துவிடும். அந்தப் பாட்டுக்குப் பிறகு பட்டியில் தவிட்டுத் தண்ணீர் கிடைக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

பெட்டி நின்ற அன்று ஆடுகள் திரும்பவில்லை. பாதி ஆடு பக்கத்துக் காட்டு மக்காச்சோளத்துக்குள் போய்விட்டது. அம்மாவுக்கு வலது முழங்கால் வீங்கிக் கிடந்த நேரம். அந்தக் காலோடு முள்ளுக்குள் ஓடி ஓடி ஆட்டைப் பிரித்தாள். நான் விடுமுறைக்கு வந்திருந்ததால் கூட ஓடினேன். நான் இல்லாத நாளில் இது நடந்திருந்தால் என்ற நினைப்புதான் என்னை விரட்டியது.

புதுப் பெட்டி ஒன்று போதும் என்றாள் அம்மா. நான் விடவில்லை. பெட்டி பாட மட்டும்தான் செய்யும். போன் என்றால் பாட்டும் பாடும், திருப்பூரில் அக்கா பெற்றிருக்கிற குழந்தையின் முகத்தையும் காட்டும். அம்மா கையில் இருப்பது பழைய பட்டன் போன், அதில் குழந்தையின் அழுகை மட்டும்தான் கேட்கும். குழந்தைப் பேச்சை எடுத்ததும் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள். அந்த வாரமே அய்யலூர்ச் சந்தைக்கு ஒரு கிடாக்குட்டியை ஓட்டிப்போய் விற்றுவிட்டு வந்தாள். ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"ஆடு திரும்பலேன்னா, போனக் கொண்டுபோயிக் குடுத்துட்டு என் கெடாக்குட்டிய ஓட்டிட்டு வந்துரணும், ஆமா."

"திரும்பும்மா. நான் படிச்சுட்டுதானே சொல்றேன்."

"நீ படிச்ச. ஆடு படிக்கலேல்ல."

ஒரு வாரம் விடுதியில் உட்கார்ந்து அலசினேன். எந்த போனில் என்ன பிராசசர், கேமரா எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். பார்த்த வீடியோக்களுக்குக் கணக்கில்லை. அறைத்தோழிகள் இது அம்மாவுக்கா உனக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொஞ்சம் எனக்கும்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அம்மா மஞ்சப்பையோடு பஸ் ஏறி திண்டுக்கல் வந்தாள். பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு போன் கடைக்குப் போனோம். நான் தேர்ந்து வைத்திருந்த மூன்று போன்களைக் கடைக்கார அண்ணன் எடுத்து வைத்தார். நான் முதல் போனின் கேமராவைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே அம்மா குறுக்கே புகுந்து, சத்தம் எம்புட்டுத் தூரம் கேட்கும் என்று அவரிடம் கேட்டாள். அவர் சத்தத்தை முழுதாகக் கூட்டிக் காட்டினார். கடைக்குள்ளே எல்லாம் கேட்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே இறங்கினாள்.

இரண்டு டவுன் பஸ்ஸுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடந்து, எதிரே பிரியாணிக் கடை வாசலில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து கையைத் தூக்கி, போடு என்று சைகை. நான் கடைப் படியில் நின்று முதல் போனில் பாட்டைப் போட்டேன். அம்மா காதருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று விரித்தாள். இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவதைப் போட்டதும் இரண்டு கையையும் தூக்கினாள். பிரியாணிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்த அம்மாவிடம் கடைக்கார அண்ணன் கேட்டார்: "ஏம்மா, கல்யாண மண்டபத்துக்கா போன் பாக்குறீங்க?"

"ஆட்டுக்குப்பா" என்றாள் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நொடி கூச்சமாக இருந்தது, அடுத்த நொடி பெருமையாகிவிட்டது. நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் ஒருவர்கூட போனைச் சோதிக்கச் சாலையைக் கடந்து போய் நின்றதில்லை. அந்த மூன்றாவது போன் என் கட்டத்தில் கடைசியில் இருந்தது. கேமரா சுமார்தான். ஆனால் பேட்டரி பெரியது, விலையும் குறைவு.

தவணையில் வாங்கிக்கொள்ளலாம், வட்டி கிடையாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ஆட்ட நான் தவணைக்கா வித்தேன்?" என்று அம்மா மஞ்சப்பையை அவிழ்த்தாள். சீல் உடைத்த பிறகு திருப்பி வாங்க மாட்டோம் என்று அவர் சொன்னபோது மட்டும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் சீலை உடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் முதல் வேலையாகப் புது சிம்மைப் போட்டு அக்காவுக்கு வீடியோ கால் செய்தேன். குழந்தை கொட்டாவி விட்டதை அம்மா கண்கொட்டாமல் பார்த்தாள். போனுக்கு ஒரு வேலை முடிந்தது. இன்னொன்று சாயங்காலம்.

இருப்பதிலேயே துல்லியமான பதிவாகத் தேடி அந்த அம்மன் பாட்டை இறக்கி வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு வரப்பில் நின்று போட்டேன். சத்தம் ஓடைவரை கேட்டது. கறுப்பு ஆடு தலையைத் தூக்கியது. எங்களைப் பார்த்தது. மறுபடியும் குனிந்து மேயத் தொடங்கிவிட்டது. இன்னொரு முறை போட்டேன். இந்தத் தடவை தலையைக்கூடத் தூக்கவில்லை. அம்மா கம்பை எடுத்துக்கொண்டு நொண்டியபடியே முள்ளுக்குள் இறங்கினாள். கிடாக்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. காலையிலேயே பழைய பெட்டியைத் திருப்புளியால் திறந்தேன். பேட்டரி தொடும் இடத்தில் துரு. தீக்குச்சியை வைத்து அழுத்திப் பிடித்தால் பாடியது, விட்டால் நின்றது. அப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியின் ஸ்பீக்கர் ஓரத்தில் கிழிந்திருந்தது. போனில் 'டும் டும்' என்று சுத்தமாக வந்த உடுக்கை, பெட்டியில் 'டர்ர் டர்ர்' என்று வந்தது. அம்மனின் பெயரே அதில் பாதிதான் புரிந்தது. எனக்கும் அம்மாவுக்கும் இரண்டும் ஒரே பாட்டு. ஆடுகளுக்கோ இத்தனை நாளாகத் தெரிந்தது அந்த டர்ர் மட்டும்தான். நான் போட்டுக் காட்டியது அவை கேட்டே இராத வேறொரு பாட்டு.

நல்ல பாட்டாகத் தேடித் தேடிப் போட்டதுதான் நான் செய்த தப்பு. உட்கார்ந்த இடத்தில் தனியாகச் சிரித்தேன்.

பெட்டியைப் பாடவிட்டு அதைப் போனிலேயே பதிவு செய்தேன். முதல் தடவை தீக்குச்சி வழுக்கி பாட்டு அறுந்தது. இரண்டாவது தடவை சேவல் கூவிவிட்டது. ஆட்டுக்குச் சேவலால் குழப்பம் வருமோ என்று அழித்தேன். மூன்றாவது தடவை பாட்டு ஓடும்போது அம்மா பட்டியிலிருந்து "ஹேய், வா வா வா" என்று எதையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் பதிவில் விழுந்தது. இதை அழிக்கவில்லை. வகுப்பில் எங்களுக்கு இரைச்சலை எப்படிக் குறைப்பது என்றுதான் சொல்லித் தருகிறார்கள். நான் இரைச்சலை ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் பிடித்து வைத்தேன்.

அன்று ஐந்து மணிக்கு அதே வரப்பு. போட்டேன். முதல் டர்ர் முடிவதற்குள் கறுப்பு ஆடு தலையைத் தூக்கியது. வாயில் இருந்த இலையைக்கூட மெல்லவில்லை. அப்படியே எங்களைப் பார்த்து நடந்தது. வேலிக்கருவைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மா கம்பை ஊன்றி நின்ற இடத்திலேயே நின்று எண்ணினாள். இருபத்தொன்று. கிடாக்குட்டி போக எல்லாம் வந்துவிட்டன.

பக்கத்துக் காட்டு அத்தை வழியில் எதிர்ப்பட்டபோது அம்மா அவளிடம் சொன்னாள்.

"எம்மக ஆட்டோட பாட்டப் புடிச்சு போனுக்குள்ள போட்டுட்டா."

எங்கள் ஆட்டுக்கும் ஒன்று பிடித்துக் கொடு தாயி என்று அத்தை கேட்டாள். அவளுக்கும் இதையே கொடுத்தால் இரண்டு பட்டி ஆடும் ஒன்றாகக் கலந்துவிடும். அவளுக்கென்று ஒரு பழைய பெட்டி இருந்து, அதன் சத்தம் வேறு மாதிரிக் கெட்டுப் போயிருந்தால்தான் முடியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஆடுகள் பாட்டு வருகிற இடத்துக்கு, அதாவது அம்மாவிடம் வருகின்றன. அங்கிருந்து பட்டிவரை அவற்றின் வேகத்துக்கு அம்மா நடந்தாக வேண்டும். முழங்கால் இன்னும் சரியாகவில்லை. அதனால் அடுத்த சனிக்கிழமை ஒன்று செய்யப் போகிறேன். அந்தப் பதிவை ரிங்டோனாக வைத்து ஸ்மார்ட்போனைப் பட்டி வாசல் தூணில் கட்டிவிடுவேன். அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடி பழைய பட்டன் போனிலிருந்து அதற்கு அழைப்பாள். பாட்டு பட்டியிலிருந்து வரும். ஆடுகள் நேரே அங்கே போகும். அம்மா பின்னால் மெதுவாக வந்தால் போதும்.

"ஆடு போனத் தின்னுபுட்டா?" என்று அம்மா கேட்டாள். எட்டாத உயரத்தில் கட்டுவேன் என்றேன்.

அவளிடம் சொல்லாத சந்தேகம் வேறு. யாரும் எடுக்காவிட்டால் மணி ஒரு நிமிடம்கூட அடிக்காமல் நின்றுவிடும். கறுப்பு ஆடு ஓடைக்கரையில் நின்று தலையைத் தூக்கி, யோசித்து, முதல் அடி வைக்க அவ்வளவு நேரம் போதுமா என்று சனிக்கிழமை நேரம் பிடித்துப் பார்க்க வேண்டும்.