ஆறுமணிக்குருவியை எடுத்தது யார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குத் திருச்சியிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. டாலிகஞ்சில் குவார்ட்டர்ஸ். வந்த இரண்டாம் வருஷமே அலுவலக நண்பர்கள் சிலரோடு ஒரு போட்டோகிராபி கிளப்பில் சேர்ந்தார். ஒரு எஸ்.எல்.ஆர். கேமராவும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வீட்டுக்கு வந்தன. அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பறவைகளுக்கு என்று ஆகிவிட்டன.

கரியா தாண்டித் தெற்கே ஒரு பழைய மாந்தோப்பு இருந்தது. யாரும் பராமரிக்காமல் காடாகிப்போய், பறவைகள் குடியேறி, பிறகு சரணாலயம் என்று பலகை வைத்துவிட்டார்கள். மகளை, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாளிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போவோம். பை தூக்குவதும் ஃபிளாஸ்க் சுமப்பதும் என் வேலை. பறவையைக் கண்டுபிடிப்பதும் என் வேலையாகத்தான் இருந்தது. அதை யாரும் வேலை என்று சொல்லவில்லை. அவருக்குக் கிளைக்கும் குருவிக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. "அதோ, ரெண்டாவது கிளை, இலைக்குப் பின்னால" என்று நான் காட்டுவேன். அவர் எடுப்பார்.

அந்த நாள் ஏப்ரல் கடைசி. காலையிலிருந்து புழுக்கம். அவர் எடுத்ததெல்லாம் உச்சி வெயிலுக்கு எதிராக. எனக்கே தெரிந்தது, ஒன்றும் தேறாது என்று. மூன்று மணி வாக்கில் வடமேற்கே வானம் கறுத்தது. கால்பைசாகி, அந்த ஊர்க் கோடைப்புயல். காற்று ஒரு அறை அறைந்துவிட்டு மழை கொட்டியது. ஒதுங்க ஒரு காவலர் குடிசைதான் இருந்தது, அதிலும் கூட்டம். அடர்ந்த மரம் ஒன்றின் அடியில் நின்றோம். மழை விட்டதும் அவர் டீ குடிக்க வாசல் பக்கம் கிளம்பினார்.

"கேமராவைப் பாத்துக்கோ. எதையும் தொட்டு வைக்காத. மூணு படம்தான் மிச்சம் இருக்கு."

பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வேரில் உட்கார்ந்தேன். மரம் சொட்டிக்கொண்டிருந்தது. மண்புழுக்கள் மேலே வந்திருந்தன. அப்போது அந்தக் குரல் கேட்டது, இரண்டே சுரத்தில் ஒரு விசில். ஆறுமணிக்குருவி. எங்கள் ஊரில் பனிக்காலத்தில் காலையும் மாலையும் கேட்டிருக்கிறேனே தவிர, ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. புதருக்குள் பதுங்கியே திரியும் பறவை அது.

நான் அசையவில்லை. கால் மரத்துப்போனது. கொசு கடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பத்தடி தூரத்தில், ஈரச் சருகைக் கொத்திப் புரட்டியபடி தத்தித் தத்தி வந்தது. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

பையிலிருந்து கேமராவை எடுத்தேன். அவர் செய்வதை இரண்டு வருஷமாகப் பார்த்தவள்தானே. வெளிச்சம் போதாது என்று உள்ளே இருக்கும் முள் காட்டியது. ஷட்டர் வேகத்தை அறுபதுக்கு இறக்கினேன். கை நடுங்கக் கூடாது என்று முதுகை மரத்தில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று. குருவி ஒரு புழுவை இழுத்து நிமிர்ந்தது. இரண்டு. மூன்றாவதற்குள் போய்விட்டது.

அவர் திரும்பி வருவதைப் பார்த்ததும் எழுந்து எதிரே ஓடினேன். "ஏங்க, ஆறுமணிக்குருவி வந்துது. ரெண்டு படம் எடுத்தேன்."

அவர் கேமராவைப் பிடுங்கி எண்ணிக்கையைப் பார்த்தார். "ரோலை வேஸ்ட் பண்ணிட்டியா?"

கரியா வரை ஆட்டோவிலும், அங்கிருந்து வீடு வரை பஸ்ஸிலும் கேமராப் பையை அவரே மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துக் கரியாஹாட் ஸ்டுடியோவிலிருந்து பிரிண்டுகள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். கறுப்புக் கிளைகள், வெளிறிய வானம். கடைசிக்கு முந்தைய படத்தில், வாயில் புழுவோடு, மழைத்துளி ஒட்டிய நெஞ்சை நிமிர்த்தி அந்தக் குருவி நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு," என்றார். யார் எடுத்தது என்ற பேச்சே வரவில்லை. எனக்கு அதுவே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. அப்படி ஒரு முட்டாளாக இருந்தேன்.

அந்தக் குளிர்காலம் பாலிகஞ்சில் ஒரு ஹாலில் கிளப்பின் கண்காட்சி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகளோடு போனேன். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் படம், ஆளுயரத்தில் பாதி. கீழே அவர் பெயரும் பரிசுச் சீட்டும். சுற்றி நின்றவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், மழை விட்ட பிறகு ஈர மண்ணில் அசையாமல் உட்கார்ந்திருந்ததை, கால் மரத்துப்போனதை, ஷட்டரை அறுபதுக்கு இறக்கியதை. பிரிண்டு வந்த பிறகு ஒருநாள் வீட்டில் நான் அவரிடம் விவரித்த அதே வார்த்தைகள்.

பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெங்காலி அம்மாளிடம், எனக்குத் தெரிந்த பெங்காலியில் சொன்னேன், அந்தப் படத்தை எடுத்தது நான் என்று. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. எல்லோரும் திரும்பினார்கள். என் கணவர் சிரித்தார். "ஆமா, இவ போட்டுக் கொடுத்த காபி இல்லாம நான் எந்தப் படமும் எடுத்ததில்ல." எல்லோரும் சிரித்தார்கள். "பௌதிக்கும் ஒரு பரிசு கொடுக்கணும்" என்றார் என்னை பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் அவருடைய நண்பர் ஒருவர். மகளும் சிரித்தாள், அவளுக்கு ஏழு வயது, எல்லோரும் சிரித்ததால் சிரித்தாள்.

டாக்ஸியில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கேமரா என்னது, லென்ஸ் என்னது. யார் அமுக்கினா என்ன? உன் பேரப் போட்டா எவன் நம்புவான்?"

அந்தப் படத்தைக் கிளப் காலண்டரிலும் போட்டார்கள். லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் இட்லி அரிசியும் காபிப்பொடியும் வாங்கும் தமிழ்க் கடைக்காரருக்கு அவரே ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தார். மாதங்கள் மாறியும் கடைக்காரர் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. போகும்போதெல்லாம், "சார் எடுத்த படம் எவ்ளோ அழகு மாமி" என்பார். நான் தலையாட்டிவிட்டு அரிசி கேட்பேன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போனேன். பை தூக்கினேன். ஆனால் காட்டுவதை நிறுத்திவிட்டேன். முதலில் வேண்டுமென்று செய்யவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு வேண்டுமென்றே செய்தேன். அவருக்கு நேர் பின்னால் மரகதப் புறா இறங்கி மேய்ந்திருக்கிறது. செந்தலைப் பூங்குருவி ஒன்று அவர் தோளுயரக் கிளையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. அவர் எதிர்ப்பக்கம் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார். நான் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமே இல்ல இன்னைக்கி. போலாமா?"

"போலாம்," என்றேன்.

அப்படியே ஐந்தாறு வருஷம். அவருக்கு அதுபோல ஒரு படம் பிறகு அமையவே இல்லை. சுற்றிலும் ஃபிளாட் கட்டிவிட்டார்கள், அதனால்தான் பறவைகள் வருவதில்லை என்று கிளப்பில் பேசினார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. டிஜிட்டல் வந்த பிறகு கேமராவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இதில் எனக்கு ஏதோ ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு பறவையைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுக் காட்டும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. அது போய்விட்டது. கல்லூரி விட்டு வந்த மகளோடு ஒருநாள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்க் கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பறந்துபோகும்வரை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தேன்.