பிள்ளையாரை வெட்டாமல் ஒரு விண்கலம்

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் பெண் போன வாரம் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள். பெயரைப் படிக்கும் முன்பே என் கட்டைவிரல் அதை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டது. எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அதை வைத்துக் காகிதத்தின் இழை ஓடும் திசையைச் சொல்லிவிடலாம். "இன்னா, புடிக்கலியா?" என்றாள். நல்ல அட்டை என்றேன். கல்யாணப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது?

இந்தப் பழக்கம் திண்டிவனத்தில் வந்தது. மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்தபோது. போகாமல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். விடவில்லை. அக்காவுக்கு நிச்சயமாகி, விழுப்புரத்தில் பத்திரிகை அடித்தாகிவிட்டது. முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி மேல்மலையனூரில் அம்மன் காலடியில் வைத்துவிட்டும் வந்தோம். மறுநாள் அக்கா தனக்குப் பிடித்தவரோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியின் வரைபடப் பிரிவுக்குத் தேர்வாகியிருந்தேன். சேர இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அப்பா என் போனையும் வேலை உத்தரவையும் வாங்கிக்கொண்டார். "ஒருத்தி போனது போதும்" என்றார்.

அப்பா விழுப்புரம் பேருந்தில் நடத்துநர். மற்றவர்களுக்கு அவமானம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அவர் தினமும் அதே முகங்களுக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும். "இன்னா கண்டக்டரே, பத்திரிகையே வர்ல?" என்று கேட்பார்களாம். அம்மா சொல்லித்தான் தெரியும். அவர் வந்ததும் தோல்பையை ஆணியில் மாட்டுவார், வாசல் கிரில் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், சாப்பிட உட்காருவார்.

கொடுக்காத பத்திரிகைகள் என் கட்டிலுக்கடியில் இருந்தன. நல்ல தடிமன், சந்தன நிறம். கல்லூரியில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு விண்வெளிக் கதை எழுதிவந்தேன். கதை மோசம், அதில் வரும் விண்கலம் பரவாயில்லை. நீண்ட கழுத்து, அதைச் சுற்றிச் சக்கரம் போலக் குடியிருப்பு, பின்னால் மூன்று உந்துகுழல்கள். ஏறியவர்கள் பரம்பரையாக அதற்குள்ளேயே வாழ்வார்கள். அந்தப் பத்திரிகை அட்டையில் அதைக் கட்டலாம் என்று பட்டியல் எழுதினேன். எனக்கு எதற்கும் பட்டியல் வேண்டும். பாதி பிளேடு, எஃகு ஸ்கேல், மை தீர்ந்த பேனா, பசை தொட ஈர்க்குச்சி, நான்கு துணிக் கிளிப்புகள்.

கூம்பையும் உருளையையும் தட்டையாக விரித்து வரைவது டிப்ளமாப் பாடம். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்தி இழுத்தால் மடிப்பு கத்தி போல விழும். வளைய வேண்டியதை மேசை விளிம்பில் வைத்து ஸ்கேலால் அழுத்தி உருவினால் தானே சுருளும். ஒட்டும் ஓரத்தை ரம்பப் பல்லாக வெட்டாவிட்டால் வளைவில் சுருக்கம் விழும். இழையைப் பார்க்காமல் சுருட்டியதில் முதல் இரண்டு கழுத்துகள் கோணிப்போயின. பொன்னெழுத்தின் மேல் பசை பிடிக்காது, சுரண்ட வேண்டும். சுரண்டியதில் அக்காவின் பெயர் இரண்டு நாள் என் நகக்கண்ணில் மின்னியது. பிறகு ஒட்டும் ஓரங்களை மட்டும் சுரண்டி, அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்துவிட்டேன்.

பெரிய சிக்கல் பிள்ளையார். ஒவ்வொரு பத்திரிகையின் தலையிலும் இருந்தார். டிப்ளமா படித்தவள்தான், ஆனாலும் அவர் மேல் பிளேடு வைக்கக் கை வரவில்லை. முதலில் அவரைச் சுற்றி வட்டமாக வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, மீதி அட்டையில்தான் வேலை.

மூன்றாவது உந்துகுழலை ஒட்டிய அன்று வேலையில் சேர வேண்டிய நாள். காலையில் குளித்து, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்து ஒட்டினேன்.

நான்கு நாள் கழித்து, விடுப்பில் இருந்த அப்பா பிஸ்கட் தேடி அந்த டப்பாவைத் திறந்தார்.

"இன்னா பாப்பா இது?"

"பிள்ளையாருப்பா."

"அது தெரிது. மீதி எங்க?"

கட்டிலுக்கடியிலிருந்து கலத்தை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்க ஓட்டையில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. உள்ளே அக்காவின் பெயரும் அந்த மாப்பிள்ளையின் பெயரும் இருந்தன.

"திட்றதுன்னா திட்டிடுங்க" என்றாள் அம்மா. "அத்தயே பாத்துக்கினு இருந்தா?"

அப்பா கலத்தைக் கட்டிலில் வைத்தார். "சாமி படத்த குப்பையில போடக் கூடாது. தண்ணியிலதான் வுடணும். வெட்னவதான் வுடணும். கெளம்பு."

அப்படித்தான் வெளியே வந்தேன், பிள்ளையார் தயவில். வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தபோது வெயிலில் கண் கூசியது. ஏரியில் தண்ணீர் கொஞ்சம்தான். டப்பாவைக் கவிழ்த்ததும் பிள்ளையார்கள் உடனே மூழ்காமல் கரையோரமே மிதந்துகொண்டிருந்தார்கள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து என் வேலை உத்தரவை எடுத்தார். நாலாக மடித்த ஓரங்கள் வியர்வையில் நைந்திருந்தன.

"தேதி போயிடுச்சுப்பா" என்றேன்.

அவர் அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "வணக்கம் சார், பொண்ணோட அப்பா பேசறேன். பாப்பாவுக்கு அம்ம போட்டுட்ச்சி சார். தண்ணி ஊத்தாம வெளிய அனுப்ப மாட்டோம், ஒங்களுக்கே தெரியும். நேத்துதான் ஊத்தனோம்." பேருந்தில் யார் கேட்டாலும் வாய் திறக்காத மனிதர். பொய்யை அவ்வளவு சரளமாகச் சொன்னார். "திங்கக்கெழமையா? வந்துடுவா சார்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.

"அங்க போனா, நான் போன் பண்ணா எடுப்பியா?"

"எடுப்பேன்பா."

"அவ எடுக்க மாட்டேன்றா. மூணு மாசமா நானும் போட்டுக்கினுதான் இருக்கேன்."

அக்கா இப்போது பொங்கலுக்கு வருகிறாள், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கலம் இல்லை. பசை வாசனைக்குப் பூச்சி வந்து அரித்துவிட்டது. படம் எடுக்கவும் தோன்றவில்லை, அப்போது கையில் போன் ஏது? பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனால், அக்கா கல்யாணப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்த படம், போன் திரும்பக் கைக்கு வந்து வேலைக்குக் கிளம்பிய திங்கட்கிழமை ரயிலிலிருந்து எடுத்த செங்கல்பட்டு ஏரி, கை ஆடிக் கலங்கலாக. அந்த மூன்று மாதத்தைக் கடக்க, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரலால் ஒரு தள்ளு போதும்.