பால் சீனிக்கு எழும்பியவர்

அறுபதுகளின் கடைசியில் கிளிநொச்சிக் காணிக் கந்தோரில் ஒரு கிளாக்கர் இருந்தார். ஆள் கட்டை. மேசைக்கு மேலே தலை தெரிய வேண்டுமென்று கதிரையில் எங்கள் கோப்புகளை அடுக்கி, அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பார். என் காணி அனுமதிக் கோப்பும் ஆறு மாதமாக அவருக்கு அடியில் கிடந்தது.

ஒருநாள் நான் விஞ்ஞானச் சஞ்சிகையோடு காத்திருப்பதைக் கண்டு, "என்ன மாஸ்டர் புதினம்?" என்று கேட்டார்.

"பற்றீரியாவுக்குள்ள ஒரு புரதம் இருக்காம். டி.என்.ஏ.யை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அதுக்கு மேலயே இருக்குமாம். அது இருக்குமட்டும் ஒரு வேலையும் நடக்காது. பாலில இருக்கிற சீனி, அந்தப் பால் சீனி, வந்து ஒட்டினால்தான் வடிவம் மாறி எழும்புமாம். அதின்ர வடிவத்தை இன்னும் ஒருத்தரும் காணேல்லையாம்" என்றேன், அவர் கதிரையையே பார்த்தபடி.

அவர் கோபிக்கவில்லை. அந்நேரம் ஒரு கமக்காரர் போத்தல் நிறைய எருமைப்பாலோடு வந்தார். கிளாக்கர் எழுந்து, கமக்காரருடைய காணிக் கோப்பை அடியிலிருந்து உருவி மேசையில் வைத்தார்.

அடுத்த கிழமை, கைலஞ்சம் கொடுப்பதில்லை என்ற என் கொள்கையை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு முட்டி தயிரோடு போனேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். அசையவில்லை.

"பால் சீனி எண்டெல்லோ சொன்னனீங்கள், மாஸ்டர்? புளிச்சால் அந்தச் சீனி குறைஞ்சு போகுமே."

என் வகுப்பில் அவ்வளவு கவனமாகப் பாடம் கேட்டவர் எவருமில்லை. மறுநாள் பாலோடு போனேன்.