ஹருமி சான் திறந்து தந்த தண்ணீர்ப் போத்தல்

ஹருமி சான் போய்விட்டார்.

இன்று காலை மிசிசாகாவில் ஒஃபிஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தும்போதுதான் வாட்ஸ்அப்பில் அவருடைய மகனின் மெசேஜைப் பார்த்தேன். கான்சராம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை... கொஞ்ச நேரம் காரை விட்டு இறங்கவே மனம் வரவில்லை.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. ஹிரோஷிமாவில் டூர் கைட்; 'சான்' என்பது அங்கே பெயரோடு மரியாதைக்குச் சேர்ப்பது. சில வருடங்களுக்கு முன் நானும் அம்மாவும் அவரோடு இருந்தது ஒரே ஒரு நாள்.

உண்மையைச் சொன்னால், நான் ஜப்பானுக்குப் போனது டோக்கியோவில் ஷொப்பிங் செய்ய. ஹிரோஷிமா டே டூர் அம்மாவின் பிடிவாதம். "குண்டு விழுந்த ஊர் இப்ப எப்பிடி இருக்குதெண்டு நான் பாக்கவேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அன்றைக்கு நல்ல மழை. புக் பண்ணிய மற்றவர்கள் யாரும் வரவில்லை. எங்கள் இருவருக்காக ஹருமி சான் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தார். தொலைந்துபோக அங்கே வேறு ஆளே இல்லை!

கோட்டையைக் காட்டி, பழையது குண்டில் போய்விட்டது, இது பிறகு கட்டியது என்றார். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஊரில ஷெல் விழுந்த எங்கட வீட்டையும் உப்பிடித்தான் திருப்பிக் கட்டினது, ஆனா உவ்வளவு வடிவில்லை" என்றார். நான் மொழிபெயர்க்க, ஹருமி சான் குடைக்குள் விழுந்து விழுந்து சிரித்தார்.

மதியச் சாப்பாடுதான் பெரிய கூத்து. வெள்ளிக்கிழமை, அம்மா மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடமாட்டார். ஹருமி சான் கடைக்காரரோடு என்னவோ பேசி, அடுப்புத் தட்டில் ஒரு மூலையைச் சுரண்டிக் கழுவவைத்து, பக்கத்திலேயே காவல் நின்றார். முட்டைக்கோவாவும் நூடில்ஸும் போட்டுச் சுட்ட ரொட்டி மாதிரி ஒன்று வந்தது. அம்மா ஹான்ட்பாக்கிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்துத் தூவ, கடைக்காரரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே... ஹருமி சான் தன் தட்டையும் நீட்டினார்.

பிறகு சமாதானப் பூங்கா. உடைந்த டோம் கட்டடம். அதைத் தாண்டிப் புல் மூடிய ஒரு மேடு. அடையாளம் காணமுடியாமல் போனவர்களின் சாம்பல் அதற்குள் இருக்கிறது என்றார்.

மேட்டின் முன்னால் தண்ணீர்ப் போத்தல்கள், எல்லாம் திறந்தபடி. அம்மா என்ன செய்தார் தெரியுமா? யாரோ மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, குனிந்து ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிவிட்டார். "மழைத்தண்ணியெல்லோ உள்ளுக்குப் போகுது" என்கிறார். எனக்கு வெட்கத்தில் உயிரே போனது.

ஹருமி சான் கோபிக்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து சொன்னார். எரிந்தவர்கள் தண்ணீர் கேட்டுக் கேட்டே இறந்தார்கள், அவர்கள் குடிக்கட்டும் என்றுதான் திறந்து வைக்கிறோம் என்று. அவருடைய பெரியம்மாவின் உடலும் கடைசிவரை கிடைக்கவில்லையாம்.

அம்மா மூடிய எல்லாவற்றையும் திரும்பத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நிருவுக்கும் ஒண்டு வைக்கலாமோ எண்டு கேள்."

நிரு என் தம்பி. ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை, வீட்டில் அவன் படத்துக்கு ஒரு விளக்கு வைக்கக்கூட அம்மா விட்டதில்லை. வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பார்.

நான் திகைத்து நிற்க, அம்மாவே சொன்னார். "தண்ணி உயிரோட இருக்கிறவனும் குடிக்கிறதுதானே பிள்ளை."

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, ஹருமி சான் தன் பையிலிருந்த போத்தலைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். மழையில் இருவரும் அங்கேயே நின்றார்கள். கடைசியாகப் பார்க்கவேண்டிய தோட்டம் பார்க்காமலே போனது. "அடுத்தமுறை" என்றார் ஹருமி சான்.

அதன்பிறகு ஒவ்வொரு ஓகஸ்டும், குண்டு விழுந்த நாளில், அவரிடமிருந்து ஒரு படம் வரும். அந்த மேடு, திறந்த போத்தல், அதில் நிருவின் பெயர் தமிழில்... எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டு, பார்த்து வரைந்தது. நாங்கள் செய்யச் சொன்னதே இல்லை. ஒரு நாள் பழக்கத்துக்கு யார் இவ்வளவு செய்வார்கள்? அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பின்னேரம் ஸ்காபரோவுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "இனி அவனுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?" என்றார்.

அம்மாவே எழும்பிப் போய் இரண்டு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை ஜன்னலடியில் வைத்து, "இது ஹருமிக்கு" என்றார். மற்றதை நிருவின் படத்துக்கு முன்னால் வைத்தார். இந்த வீட்டில் இதுதான் முதல்முறை.

போய் வாருங்கள் ஹருமி சான். அந்தத் தோட்டம் இன்னும் பார்க்கவில்லை...